உளுந்து விதை ஒப்பந்தம்: மாசியில் அறுத்த விதை கார்த்திகையில் முளைக்குமா?

1. பெகு வரப்பு
எல்லாருக்கும் வணக்கம். நெல் அறுப்பு முடிந்ததும் 6 ஏக்கரில் ஒரு விதைக் கம்பெனிக்கு உளுந்து எழுப்பித் தரும் பேச்சு நடக்கிறது. ஆதார விதை, அதாவது பெருக்குவதற்காகத் தரும் சுத்த விதை, அவர்களுடையது. விலை, அறுப்பு நேரத்து ரங்கூன் சந்தை விலைக்கு மேல் கொஞ்சம் கூட்டி. முளைப்பு 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, ஈரம் 9 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, பாசிப்பயறு கலப்பு இருக்கக்கூடாது என்று மூன்று நிபந்தனை. கடைசியில் ஒரு வரி: "மூட்டையை ஜூலையில் எடுத்துக்கொள்வோம், அன்று எடுக்கும் சோதனையே முடிவு." கையெழுத்துப் போடலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

2. ரங்கூன் மூட்டை
தம்பி, முதல் மூன்றும் நியாயம். கடைசி வரியில்தான் ஆள் விழுவார். நம்ம கீழ்ப் பர்மாவில் உளுந்து அறுப்பு மாசி, பங்குனி. மழை மே நடுவில் இறங்கிவிடும். ஜூலையில் சோதனை என்றால் இரண்டு மாத மழை ஈரத்தை உங்கள் வீட்டுச் சாக்கு குடித்து முடித்த பிறகு சோதனை என்று அர்த்தம். வயலில் நீங்கள் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருந்தாலும் அங்கே அடிபடும். குடோன் செலவையும் முளைப்புப் போகும் நஷ்டத்தையும் ஒரே வரியில் உங்கள் தலையில் கட்டுகிறார்கள்.

3. சோதனைச்சாலை
அதற்குக் கணக்கே இருக்கிறது. ஹாரிங்டன் விதி என்பார்கள்: விதையின் ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு, சேமிக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்கு. ஈரம் 5 முதல் 14 சதவீதம் வரைக்கும் இது தோராயமாகப் பொருந்தும். இப்போது திருப்பிப் போடுங்கள். 9 சதவீதத்தில் கட்டிய உளுந்து, சாதாரண சணல் சாக்கில் ஆடி மழைக் காற்றைக் குடித்து 14க்கு ஏறினால் ஐந்து படி. 2, 4, 8, 16, 32. ஆயுள் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. பங்குனியில் 90 முளைத்த அதே மூட்டை ஐப்பசியில் 50 முளைப்பதில் அதிசயமே இல்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. அங்கே ஆடி, புரட்டாசி, தை என்று பட்டம் மாறி மாறி வரும். ஒரு பட்டத்து விதை அடுத்த பட்டத்துக்குப் போய்விடும். பெகு, தாட்டன் பக்கம் உளுந்துக்கு ஒரே பட்டம், நெல்லுக்குப் பின்னால். விதை எட்டு மாதம் சும்மா கிடக்க வேண்டும், அதுவும் முழு மழைக்காலத்தைத் தாண்டி. நம்ம ஊரில் உளுந்து விதைத் தொழில் என்பதே பாதி இந்த எட்டு மாதம்தான்.

4. தாட்டன் உளுந்து
ரொம்பப் பயமுறுத்துறீங்க ஐயா. சாம்பலும் வேப்பிலையும் போட்டு சாக்கில் கட்டி வச்சு எத்தனையோ வருஷமா விதைக்கிறோம், முளைக்கத்தானே செய்யுது? ஏக்கருக்கு ஒரு கூடை வீசினா வயல் நிறைஞ்சிடும். கம்பெனி விதைக்கு எதுக்குக் காசு?

5. சோதனைச்சாலை
அண்ணே, ஒரு கூடை வீச வேண்டியிருப்பதே அதனால்தான். கணக்குப் பாருங்கள்.

சதுர மீட்டருக்கு 33 செடி போதும் (30 செ.மீ. வரிசை, 10 செ.மீ. இடைவெளி). ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக 1,33,500 செடி. 1,000 உளுந்து 45 கிராம் என்று வைத்தால் 6 கிலோ. இது ஒவ்வொரு விதையும் செடியானால். முளைப்பு 75 என்றால் 6ஐ 0.75ஆல் வகுக்க 8 கிலோ. சோதனையில் முளைப்பதெல்லாம் மண்ணில் எழாது. அதில் 80 சதவீதம் எழும் என்றால் 10 கிலோ. கையால் வீசும்போது பறவைக்கும் மேட்டுப் பள்ளத்துக்கும் கொஞ்சம் போகட்டும், 13 கிலோ, அதாவது 8 வீசை. நம்ம பயறுக் கூடை 72 ராத்தல், 32.7 கிலோ, 20 வீசை. மீதி 12 வீசையும் முளைக்காத விதைக்குக் கட்டும் வரி.

உங்கள் விதை 40தான் முளைக்கிறது என்றால் அதே கணக்கில் 24 கிலோ வீச வேண்டும். அதிலும் தப்ப முடியாது: வலுவிழந்த விதை ஒரே நாளில் எழாது. முதல் நாள் எழுந்ததும் ஆறாம் நாள் எழுந்ததும் ஒரே வயலில் நின்றால் காய் ஒன்றாகக் கறுக்காது.

கம்பெனி விதை வருஷா வருஷம் வேண்டியதில்லை என்பது உண்மை. உளுந்து தன் பூவிலேயே கருவுறும் பயிர், வீரிய ஒட்டு மக்காச்சோளம் மாதிரி அல்ல. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புது விதை எடுத்து, நடுவில் சொந்த விதையை ஒழுங்காக வைத்தால் போதும்.

6. ரங்கூன் மூட்டை
வீசை நம்ம சொல்தான் என்பதை மறந்து இங்கே பிறந்த பிள்ளைகள் பர்மியச் சொல் என்று நினைக்கிறார்கள். அது கிடக்கட்டும். வயல் வேலைக்கு யாராவது எழுதுங்கள்.

7. மல்லித் தோட்டம்
வயலைப் பொறுத்தவரை முதல் கேள்வி, போன வருஷம் அந்த நிலத்தில் என்ன இருந்தது? பாசிப்பயறு இருந்திருந்தால் அந்த வயலை விதைக்குக் கொடுக்காதீர்கள். உதிர்ந்த பயறு தானாக முளைக்கும், அறுப்பில் உளுந்தோடு சேர்ந்துவிடும். போன வருஷம் வேறு ரக உளுந்து இருந்தாலும் அதே கதை, அது இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது.

பக்கத்து வயலிலிருந்து விலகல் தூரம் அதிகம் வேண்டாம். இந்தியச் சான்றளிப்புத் தரத்தில் ஆதார விதைக்கு 10 மீட்டர், அதிலிருந்து பெருக்கி விற்கும் சான்று விதைக்கு 5 மீட்டர். கலப்பு பெரும்பாலும் மகரந்தத்தில் வருவதில்லை, களத்திலும் சாக்கிலும் வருகிறது.

வரிசையில் விதையுங்கள். வீசி விதைத்த வயலுக்குள் ஆள் இறங்கிக் கலவன் (நடுவில் கலந்து நிற்கும் வேறு ரக, வேறு பயிர்ச் செடி) எடுக்க முடியாது. கலவன் நீக்கம் மூன்று தடவை: மூன்று வாரச் செடியில் ஒரு முறை, பூவில் ஒரு முறை, காய் கறுக்கத் தொடங்கும்போது ஒரு முறை. காயில் பார்த்தால் சுலபம். உளுந்துக் காய் குட்டையாக, ரோமம் அடர்ந்து, மேல் நோக்கி நிற்கும். பாசிப்பயற்றங்காய் நீளம், பக்கவாட்டில் விரிந்து தொங்கும். விதையில் பார்த்தால் உளுந்தின் கண் (காயோடு ஒட்டியிருந்த வடு) வெள்ளையாக, நடுவில் குழிந்திருக்கும். பயற்றின் கண் தட்டை.

இலைச்சுருக்கு விழுந்த செடியை, அதாவது இலை பெரிதாகி நெளிந்து சொரசொரப்பாக நிற்பதைக் கண்டதும் பிடுங்கி வெளியே கொண்டுபோய் எரியுங்கள். அந்த வைரஸ் விதை வழியாக அடுத்த வருஷத்துக்குப் போகும். மஞ்சள் தேமல் வேறு, அதைப் பரப்புவது வெள்ளை ஈ. மஞ்சள் செடியையும் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தேமல் வந்தால் ஈயைத் தேடுங்கள், சுருக்கு வந்தால் விதையைச் சந்தேகப்படுங்கள்.

8. பெகு வரப்பு
நன்றி அக்கா. இன்னொன்று. இங்கே பலர் காய் ஒன்றாகக் காய்வதற்கு அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் களைக்கொல்லி அடிக்கிறார்கள். விதை வயலில் செய்யலாமா?

9. மல்லித் தோட்டம்
கிளைபோசேட் என்கிற அந்தக் களைக்கொல்லி விதை வயலுக்குள்ளேயே வரக்கூடாது தம்பி. அந்த மருந்து இலையிலிருந்து விதைக்குள் இறங்கும். காய் பார்க்க நன்றாகக் காய்ந்திருக்கும், முளைப்புச் சோதனையில் வேர் கட்டையாக, பக்க வேர் இல்லாமல் வரும். அதை இயல்பான நாற்றாக எண்ண மாட்டார்கள். பருப்புக்குப் போகும் வயலிலும் நல்ல பழக்கம் இல்லை. 80 சதவீதம் காய் கறுத்ததும் காலைப் பனியோடு செடியை அறுத்து, சிறு கும்பலாகப் போட்டு, இரண்டு மூன்று நாள் காயவிட்டுக் களத்துக்குக் கொண்டு போங்கள். காய் வெடித்துச் சிந்துவதும் குறையும்.

10. விதைச் சல்லடை
களத்தில்தான் நான் அதிகம் சண்டை போடுவது. தோலாஜியை (இழுவை வண்டியை) ஏற்றி மிதிப்பது. பருப்பு வியாபாரத்துக்கு அது சரி, உடைந்த உளுந்தும் மாவாகும். விதையில் முளைவேர் தோலுக்கு அடியிலேயே, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சக்கரம் ஏறினால் வெளியே கீறல் கூடத் தெரியாமல் அது ஒடியும்.

மெஷினில் அடிப்பதானால் நெல்லுக்கு வைக்கும் சுழற்சியில் பாதிக்கு இறக்குங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். ஈரம் 13, 14 இருக்கும்போது அடியுங்கள். 10க்குக் கீழே காய்ந்த விதை கண்ணாடி மாதிரி விரியும். 16க்கு மேல் இருந்தால் நசுங்கும். முதல் கூடை அடித்ததும் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு சோதனை: 100 விதையைத் தட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றி 10 நிமிஷம் விடுங்கள். தோல் விரிந்தது உடனே ஊறிச் சுருக்கம் விழுந்து பெருத்துவிடும், முழு விதை அப்படியே கிடக்கும். பெருத்தது 5க்கு மேல் இருந்தால் வேகத்தை இன்னும் இறக்குங்கள். (சில பயறுகளுக்கு ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டுக் கீறல் கறுப்பதைப் பார்ப்பார்கள். உளுந்து ஏற்கெனவே கறுப்பு, அதில் என்னத்தைப் பார்ப்பது.)

மெஷின் வாடகைக்கு வந்ததா? உள்ளே போன வீட்டுப் பாசிப்பயறு ஒரு வீசையாவது இருக்கும். மூடியைத் திறந்து ஊதி, கூட்டி, முதலில் வரும் அரைக் கூடையைத் தனியே வைத்துப் பருப்புக்குப் போடுங்கள். அடித்த பிறகு தூற்றி, 7×7 கம்பிச் சல்லடையில் (அங்குலத்துக்கு 7 கண்) சலியுங்கள். கீழே விழுவது பருப்புக்கு.

11. தாட்டன் உளுந்து
9 ஈரம்னு எப்படித் தெரியும்? உப்புப் பாட்டில் சோதனை போதாதா?

12. விதைச் சல்லடை
உப்பு, பாட்டிலில் விதையோடு குலுக்கினால் ஒட்டிக்கொண்டால் 15க்கு மேல் என்று சொல்லும். ஒட்டாவிட்டால் 15க்குக் கீழே, அவ்வளவுதான். 14ஆ, 9ஆ என்று உப்புக்குத் தெரியாது. மீட்டர்தான் வேண்டும். அதிலும் இரண்டு தப்பு வழக்கமாக நடக்கும். ஒன்று, நெல் அளவில் வைத்து உளுந்தை அளப்பது. இரண்டு, வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு அளப்பது. நிழலில் ஆறவிட்டு அளக்கவும்.

காயவைப்பது தார்ப்பாயில், இரண்டு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம், அரை மணிக்கு ஒரு முறை கிளறி. தகரத்திலும் சிமெண்டுத் தரையிலும் நேராகப் போடாதீர்கள். 12 முதல் 3 மணி வரை கும்பலாக்கி மூடிவிடுங்கள். மாலையில் மூடாவிட்டால் பனி பகலின் உழைப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். மாசி, பங்குனிக் காற்று வறண்டது, அதில் 9 கிடைக்கும். சித்திரைக் கடைசி என்று தள்ளிப்போட்டால் கிடைக்காது.

13. ரங்கூன் மூட்டை
இங்கே காசு விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 14 ஈரத்தில் 100 கிலோ இருக்கும் உளுந்தை 9க்குக் காயவைத்தால் எவ்வளவு நிற்கும்? உலர் பொருள் 86 கிலோ. 86ஐ 0.91ஆல் வகுத்தால் 94.5. ஐந்தரை கிலோ காற்றில் போனது. ஏக்கருக்கு 10 கூடை எடுத்தால் அரைக் கூடைக்கு மேல். பருப்பு வியாபாரி 14லேயே எடுத்துக்கொள்வார். கம்பெனி கூட்டித் தரும் விலையில் முதல் 6 சதவீதம் இந்தக் காற்றுக்கே போய்விடுகிறது. அதன் பிறகு சல்லடைக் கழிவு, கலவன் கூலி. "சந்தை விலைக்கு மேல் 10 சதவீதம்" என்று சொன்னால் கேட்க இனிப்பாக இருக்கும், போட்டுப் பார்த்தால் கூலிக்கே காணாது. விலை எந்த ஈரத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள்.

எந்தத் தரத்து விலை என்றும் எழுதவேண்டும். எஸ்கியூவா (பருமனான உயர் தரம்), எஃப்ஏகியூவா (சராசரித் தரம்)? சென்னை வியாபாரம் இரண்டாகப் பிரித்துத்தான் பேசும். பருமனான சுத்த விதை எஸ்கியூ பக்கம் நிற்கும். கம்பெனி எஃப்ஏகியூ விலையை வைத்துக்கொண்டு "சந்தைக்கு மேல்" என்றால் நீங்கள் எஸ்கியூவாகவே விற்றிருக்கலாம்.

14. பெகு வரப்பு
அப்படியென்றால் விலை ஏறினால் பருப்புக்கே விற்றுவிடலாம் என்று சிலர் சொல்கிறார்களே?

15. ரங்கூன் மூட்டை
அதைச் செய்தால் அடுத்த வருஷம் உங்களுக்கு ஆதார விதை தர ஆள் இருக்காது. கம்பெனிக்காரனுடைய பயமும் அதுதான், அதற்காக அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம்ம உளுந்து போகிற இடம் பெரும்பாலும் இந்தியா. 2017 ஆகஸ்ட் மாதம் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயற்றுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு அளவு வைத்தது, இங்கே விலை விழுந்தது. 2021இல் வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள். விலை விழுந்த வருஷம் கார்த்திகையில் உளுந்து விதை வாங்க ஆளே வராது, கம்பெனி குடோனில் விதை கிழமாகும். ஏறின வருஷம் விதை போதாது, வயல்காரர் பருப்புக்குத் தள்ளிவிடுவார். டில்லியில் ஒரு தாளில் கையெழுத்து விழுந்தால் பெகுவில் விதைக் கம்பெனியின் பருவம் மாறுகிறது. ஜூலையில் எடுக்கிறேன் என்பதற்குக் காரணமும் இதுவாக இருக்கும், சந்தையைப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்று.

16. சோதனைச்சாலை
வீட்டுச் சோதனையை எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் எடுத்து ஒன்றாகக் கலக்கவும். அதை மூன்றாகப் பிரித்துக் காற்றுப் புகாத குப்பியில் அரக்கு வைத்து மூடவும்: ஒன்று உங்களுக்கு, ஒன்று கம்பெனிக்கு, ஒன்று தகராறு வந்தால் பிரிக்க. மூன்றிலும் இருவர் கையெழுத்து.

சோதனைக்கு எண்ணியபடி 400 விதை, நான்கு நூறாக. நல்லதாகப் பொறுக்காதீர்கள், கண்ணை மூடி எடுத்தது மாதிரி வரிசையாக எடுங்கள். ஆற்று மணலைக் கழுவி, வறுத்து, ஆறவிட்டு, கையில் பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் அளவுக்கு ஈரம் கொடுத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் வைக்கவும். 4ஆம் நாள் ஒரு எண்ணிக்கை, 7ஆம் நாள் கடைசி எண்ணிக்கை. நான்கின் சராசரிதான் முளைப்பு. நான்குக்கும் நடுவில் 15க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி வையுங்கள், மணல் ஈரத்தில் கோளாறு.

7ஆம் நாளும் கல்லு மாதிரி ஊறாமல் கிடப்பது கடின விதை. செத்ததல்ல, புது உளுந்தில் இது இருக்கும். இந்தியத் தரத்தில் 75 என்று சொல்லும் குறைந்தபட்ச முளைப்பில் கடின விதையையும் சேர்த்தே எண்ணுவார்கள். உங்கள் ஒப்பந்தத்தின் 80இல் சேர்த்தியா இல்லையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பங்குனிச் சோதனையில் அதுவே 10 வித்தியாசம் காட்டலாம்.

17. தாட்டன் உளுந்து
வண்டுக்கு?

18. விதைச் சல்லடை
வயலிலேயே வருகிறது. காய் மேல் முட்டை வைத்து, விதைக்குள் புழுவாகக் களத்துக்கு வரும். உளுந்தில் கை வைப்பது பெரும்பாலும் மாக்குலேட்டஸ் இனம். நம்ம ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து வண்டாக மூன்று, நான்கு வாரம். பங்குனியில் ஒரு மூட்டையில் பத்து வண்டு இருந்தால் ஐப்பசிக்குள் ஆறேழு தலைமுறை. மேலே சாம்பல் தூவுவது புதிதாக வருகிறதைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது.

9 ஈரத்துக்கு வந்த விதையைக் காற்றுப் புகாத உள்பையில் போட்டு, வாயை முறுக்கி, மடக்கி, இரண்டு இடத்தில் இறுகக் கட்டுங்கள். உள்ளே இருக்கும் பூச்சி இருக்கும் பிராணவாயுவை முடித்துவிட்டுத் தானே செத்துப்போகும். வெளி ஈரமும் ஏறாது. ஒரே எச்சரிக்கை: 13 ஈரத்தில் இதே பையில் கட்டினால் சாக்கில் கெடுவதைவிட வேகமாகக் கெடும். பை காயவைக்காது, காய்ந்ததைக் காப்பாற்றும்.

பை கிடைக்காவிட்டால் 100 கிலோவுக்கு 1 கிலோ செயலூட்டப்பட்ட களிமண் கலக்கலாம். புகைமூட்ட மாத்திரை வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம், அந்த வாயு ஆளைக் கொல்லும்.

பூஞ்சாண மருந்து, சாயம் எதுவும் சோதனை தேறும்வரை கலக்காதீர்கள். தேறாத மூட்டையைப் பருப்புக்கு விற்கலாம். சாயம் போட்ட மூட்டையைக் குழிவெட்டித்தான் மூடவேண்டும். விதைக்கும் சமயத்தில் கலக்குவதானால் வரிசை: முதலில் பூஞ்சாண மருந்து, பிறகு பூச்சி மருந்து, ஒரு நாள் விட்டுக் கடைசியில் ரைசோபியம் (வேர் முடிச்சு நுண்ணுயிர்), ஆறிய கஞ்சியில்.

19. பெகு வரப்பு
ஒரு யோசனை. ஊருக்குப் போய்வரும் உறவுக்காரர் வம்பன் 8 என்கிற தமிழ்நாட்டு உளுந்து விதை இரண்டு கிலோ பெட்டியில் கொண்டு வருகிறேன் என்கிறார். தேமல் தாங்கும் ரகமாம்.

20. மல்லித் தோட்டம்
வேண்டாம் தம்பி. விதை பர்மாவுக்குள் வர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுப் பயிர் நலச் சான்றும் வேண்டும், 1993இலிருந்தே சட்டம் இருக்கிறது. விதையாக விற்பதானால் 2011 விதைச் சட்டமும் குறுக்கே நிற்கும். சட்டத்தை விடுங்கள், பெட்டியில் வண்டும் இலைச்சுருக்கும் சேர்ந்து வந்தால் யாரைக் கேட்பது? அங்கே தேமலைத் தாங்கினது இங்கே இருக்கும் வைரஸைத் தாங்குமா என்பதும் வேறு கேள்வி. யேசின் ஆராய்ச்சி நிலைய ரகங்களில் உங்கள் கம்பெனி எதைத் தருகிறது என்று முதலில் கேளுங்கள்.

21. பெகு வரப்பு
இதுவரை எடுத்துக்கொண்டது: (அ) சோதனை ஏப்ரலில், மூன்று முத்திரைக் குப்பி. (ஆ) விலை 9 ஈரத்துக்கு, எஸ்கியூ அடிப்படையில். (இ) கடின விதையைச் சேர்த்து 80. (ஈ) ஏப்ரலுக்குப் பிறகு எங்களிடம் வைத்தால் உள்பை அவர்கள் செலவு, மாத வாடகை தனி, அதன்பின் முளைப்பு குறைந்தால் அவர்கள் பொறுப்பு. (உ) தேறாத மூட்டையை நாங்கள் பருப்புக்கு விற்கலாம். ஒத்துக்கொள்வார்களா?

22. ரங்கூன் மூட்டை
(ஈ)யில் இழுப்பார்கள். பொறுப்பைப் பாதி பாதி என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். வேண்டுமானால் வாடகையை விட்டுக்கொடுங்கள். சோதனைத் தேதியை மட்டும் நகர்த்தவே கூடாது.

23. தாட்டன் உளுந்து
அந்த உள்பையை எலி கடிச்சா?

24. விதைச் சல்லடை
கடித்தால் போயிற்று, ஓர் ஓட்டை போதும். பையைச் சணல் சாக்குக்குள் போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள். பலகைக் காலுக்குத் தகரக் கூம்பு கவிழ்த்து அடிக்கவும். வாரம் ஒரு முறை அடி மூட்டையைத் தடவிப் பாருங்கள். விறைப்பாக இருந்த பை தளர்ந்திருந்தால் பிரித்து, ஈரம் அளந்து, வெயில் வந்த அன்றே காயவைத்து வேறு பையில் கட்டுங்கள்.